ஆறுதலாக ஒரு வரி

சன்னிவேல், கலிபோர்னியா
8 செப்டம்பர் 1996

அன்புள்ள ஜெசி,

முதலில் உட்காருங்கள். நம்ம ஓபராவை மேடையேற்ற எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சான் ஹோசேயில் பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை வைத்துக்கொண்டு ஓபரா போடுகிற சின்னக் கம்பெனி. இயக்குநர் மார்க் பிரென்னர் என்று ஒருவர். தமிழில்தான் பாட வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஓபராவில் பாஷை புரிந்து யார் கேட்கிறார்கள், மேடைக்கு மேலே ஒரு பலகையில் இங்கிலீஷ் ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். 1998 பிப்ரவரியில் அரங்கேற்றம்.

கதை இதுதான். சண்டை நடக்கிற ஊரில் ஒரு பெண் டெலிபோன் பூத் வைத்திருக்கிறாள். ஊரே அவளிடம் வந்து வெளிநாட்டுக்குப் பேசுகிறது. எல்லோர் வீட்டு அழுகையும் அவள் காதில் விழுகிறது. அவளுக்கு மட்டும் ஒரு போனும் வருவதில்லை. கடைசியில் லைனே செத்துப்போகிறது. அப்புறமும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பேச்சுதான் கடைசிப் பாட்டு. அதை இன்னும் எழுதவில்லை, பயமாக இருக்கிறது.

அந்தப் பெண் நீங்கள்தான். நியூ ஜெர்சியில் நாம் படித்த காலத்தில், ஹீட்டர் உறுமும் அந்தப் பயிற்சி அறையில் நீங்கள் பாட, நான் பியானோவில் உங்களைத் துரத்திக்கொண்டு ஓடுவேனே, அப்போதே தீர்மானித்த விஷயம் இது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண்ணும் கோபிச்செட்டிபாளையத்து மஞ்சள் மண்டிக்காரர் மகனும் அமெரிக்காவுக்கு வந்து வெள்ளைக்காரன் சங்கீதம் படிப்பதைப் பார்த்து நம் பேராசிரியர் சிரித்தாரே. அவருக்கு ஒரு டிக்கெட் அனுப்ப வேண்டும்.

வசந்தாமணி சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஆனால் "பாட்டு எழுதுங்க, வேண்டாங்கல. மாசச் சம்பளம் வர்ற மில்பிடாஸ் வேலையை மட்டும் விட்டுடாதீங்க" என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிடுகிறாள். மகள் கயலுக்கு ஐந்து வயது. அப்பா பாட்டு எழுதுகிறார் என்றால், "கார்ட்டூன் பாட்டா?" என்று இங்கிலீஷில் கேட்கிறாள்.

சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

அன்புடன்,
சபரிநாதன்

*

ஜெர்சி சிற்றி
25 செப்டம்பர் 1996

அன்பின் சபரி,

சரி. சரி. சரி. ஒரு வார்த்தை கேட்டீர், மூன்று தந்திருக்கிறேன்.

எனக்கு நாற்பது வயது முடிந்துவிட்டது, நினைவிருக்கிறதா? நாற்பது வயதுக்காரிக்கு முதல் வேடம் தருகிற பைத்தியக்காரன் இந்த நாட்டில் நீர் ஒருவர்தான். இத்தனை வருடமும் நான் கச்சேரிக்காரி. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாத்தியக்காரருக்கு முன்னால் கதிரையில் இருப்பேன், என் முறை வந்தால் எழும்பிப் பாடுவேன், திரும்ப இருப்பேன். மேடையில் நான் நடந்ததே இல்லை. ஒரு பாத்திரத்தின் பெயரில் என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. பகலில் வங்கியில் கணினிக்கு முன்னால் இருந்து இலக்கம் அடிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாடுகிறேன். நியூ யோர்க்கின் பெரிய ஓபரா ஒன்றில் கோரஸுக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கும் பாடிக் காட்டியிருக்கிறேன். கிடைத்தால் நிரந்தர வேலை, மருத்துவக் காப்புறுதி எல்லாம் உண்டு. நாற்பது பேரோடு நாற்பத்தோராவது ஆளாக நின்று பாடவேண்டும், அவ்வளவுதான்.

உயரத்தில் பாடுகிற சொப்பிரானோவின் குரலுக்கும் வயது உண்டு. எனக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கலாம். மேல் ஸ்தாயி இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது, பகிடிக்குச் சொல்லவில்லை. இந்த வேடத்தை எனக்கென்று வைத்திரும். வேறு எவளுக்கும் கொடுத்துவிடாதேயும்.

வசந்தாமணிக்கும் கயலுக்கும் என் அன்பைச் சொல்லும். உம்மை நான் 'நீர்' என்பதை அவ பிழையாக நினைக்கவேண்டாம். எங்கள் பக்கத்தில் அது சிநேகிதருக்கு உரிய மரியாதை.

அன்புடன்,
ஜெசி

*

சன்னிவேல்
2 மார்ச் 1997

அன்புள்ள ஜெசி,

கடைசிப் பாட்டு முடிந்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

மற்றபடி இங்கே எதுவும் சரியில்லை. மில்பிடாஸ் வேலையை விட்டுவிட்டேன். வசந்தாவிடம் சொல்லாமல் விட்டேன், அதுதான் தப்பாகிவிட்டது. அவள் ஒன்றும் கத்தவில்லை. கயலைக் கூட்டிக்கொண்டு டல்லாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாள் என்றுதான் சொன்னாள். மார்க்குக்கு முதல் இரண்டு காட்சிகளைப் பியானோவில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் நீளமாக மூச்சு விட்டார். இசை ஒரே இடத்தில் நிற்கிறதாம், ஜனங்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்களாம். கடைசிப் பாட்டு எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திவிடும் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எழுதி முடித்த பிறகு அது பாட்டா புலம்பலா என்று எனக்கே தெரியவில்லை.

இதைப் பார்த்துச் சொல்ல உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை. போன் வேண்டாம். போனில் நீங்கள் நல்லதாக ஏதாவது சொல்லிவிடுவீர்கள், எழுத்தில் உங்களுக்குப் பொய் வராது. படித்துப் பாருங்கள். ஆறுதலாக எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

சபரி

*

சன்னிவேல்
27 ஏப்ரல் 1997

அன்புள்ள ஜெசி,

உங்கள் பதில் வரவில்லை. வராததையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பது வழக்கமாகிவிட்டது. போன் வேண்டாம் என்று நானே எழுதிவிட்டு, வெட்கத்தை விட்டு ஒரு நாள் கூப்பிட்டேன். உங்கள் அறைத்தோழி எடுத்து, நீங்கள் கச்சேரிக்காக டெக்ஸாஸ் போயிருப்பதாகச் சொன்னாள். சந்தோஷமாக இருக்கிறீர்களாம். பேர் சொல்லாமல் வைத்துவிட்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாட்டு பிடிக்கவில்லை என்று எழுத உங்களுக்கு மனசு வந்திருக்காது. நம்பிய ஒருத்திக்கே பிடிக்காத பாட்டை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வாதாடுவது?

இந்த மாத நடுவில் மார்க் கூப்பிட்டார். அடுத்த சீசனுக்கான விளம்பரம் அச்சுக்குப் போகிறது, பாடகியின் பெயர் வேண்டும் என்றார். உங்கள் பெயரை இங்கே யாருக்கும் தெரியாது, கிறிஸ்டன் என்று ஒரு பெண் இருக்கிறாள், இந்தப் பக்கத்தில் அவளுக்கு நல்ல பேர் என்றார். போன வருஷமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது என்னிடம் அதற்குத் தெம்பு இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

என்னை மன்னியுங்கள், அல்லது நிம்மதியாக இருங்கள். எது பொருத்தமோ அது.

சபரி

*

ஜெர்சி சிற்றி
29 ஏப்ரல் 1997

அன்பின் சபரி,

உம்முடைய பாட்டு எனக்கு முழுக்கப் பாடம். தாளைப் பார்க்காமல் பாடுவேன்.

நீர் மனம் உடைந்துதான் எழுதியிருந்தீர், அது விளங்கியது. கெதியாக, அன்றைக்கே இரண்டு நல்ல வார்த்தை எழுதிப் போடத்தான் முதலில் பேனையை எடுத்தேன். ஆனால் ஆறுதலாக எழுதினால் போதும் என்று நீரே சொல்லியிருந்தபடியால், வெறும் வாய் வார்த்தை எதற்கு, பாட்டைத் தொண்டைக்குள் இறக்கிவிட்டே எழுதுவோம் என்று இருந்துவிட்டேன். உயிர்த்த ஞாயிறுக் கச்சேரிக்கு டெக்ஸாஸ் போனபோதும் இது என் பைக்குள் இருந்தது. ஹூஸ்ரனில் பஸ்ஸில் இருந்து வாய்க்குள் பாடினேன், பக்கத்தில் இருந்த மனுஷி எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டா.

இது புலம்பல் இல்லை, சபரி. லைன் செத்த பிறகு அவள் முதலில் சும்மா வெயிலைப் பற்றியும் விறகு விலையைப் பற்றியும் கதைக்கிறாளே, அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். பிறகு 'வாழ' என்கிற சொல்லை அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர். அந்த உயரத்தில் ழகரம் பாடத் தொண்டை மூடிக்கொள்ளும், நாக்கை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பத்து நாள் போய்விட்டது. இப்போது வருகிறது. நீர் கேட்கவேண்டும்.

இன்னொரு செய்தி. கோரஸ் வேலை கிடைத்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அங்கே சேர்ந்தால் உம்முடைய ஒத்திகைக்கு விடமாட்டார்கள். அறைத்தோழி எனக்கு விசர், பைத்தியம் என்கிறாள். இருக்கட்டும். வாழ்க்கையில் ஒரு முறையாவது ஒரு கதையின் பெண்ணாக மேடையில் நடந்துவிட்டுச் சாகவேண்டும் எனக்கு.

வசந்தாமணி திரும்பி வருவா. நீர் முதலில் போய்க் கூப்பிடும்.

அன்புடன்,
உமது டெலிபோன்காரி
ஜெசி

*

ஜெர்சி சிற்றி
5 மே 1997

சபரி,

நான் எழுதியதும் நீர் எழுதியதும் வழியில் தாண்டிப் போயிருக்கின்றன. இதற்குள் என்னுடையதும் உமக்குக் கிடைத்திருக்கும்.

உம்முடைய மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். 'ஆறுதலாக' என்றுதான் இருக்கிறது, உம்முடைய கையெழுத்துத்தான். எங்கள் வீட்டில் பிள்ளை அவசரப்பட்டு விழுங்கினால் அம்மா "ஆறுதலாச் சாப்பிடு" என்பா. வந்தவர்கள் உடனே எழும்பினால் "ஏன் ஓடுறியள், ஆறுதலாப் போங்கோ" என்பா. நீர் ஆறுதலாக எழுதச் சொன்னீர், நான் ஆறுதலாக எழுதினேன். இதில் என் பிழை என்ன?

கோரஸ்காரரிடம் போய்த் திரும்பக் கேட்டேன். அந்த இடத்துக்கு வேறொருத்தியை எடுத்துவிட்டார்கள்.

ஜெசிந்தா

*

சன்னிவேல்
11 மே 1997

அன்புள்ள ஜெசி,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஐந்தாறு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஆறுதல் என்றால் தேற்றுவது. சாவு வீட்டில் சொல்வது. மனசு உடைந்தவனுக்குச் சொல்வது. மெதுவாக, அவசரமில்லாமல் என்று அதற்கு ஒரு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு வருஷம் ஒரே அறையில் பாட்டுப் படித்தோம், ஒரு தடவைகூட இந்தச் சொல் நமக்கு நடுவில் வந்ததில்லை போல. நான் தேற்றச் சொன்னேன். நீங்கள் மெதுவாக வந்தீர்கள். இதை வெளியே யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

மார்க்கிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன், கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டனை இனி மாற்ற முடியாதாம். மாற்றினால் ஓபராவையே விட்டுவிடுவதாகச் சொல்கிறார். நானே நிறுத்திவிடலாமா என்று ஒரு ராத்திரி பூரா யோசித்தேன். முடியவில்லை ஜெசி, எனக்கு இதை விட்டால் வேறு எதுவும் மிச்சமில்லை.

கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கிறேன். கிறிஸ்டனுக்கு ஒரு எழுத்துத் தமிழ் தெரியாது. நீங்கள் ஒரு கேசட்டில் எல்லாவற்றையும் பாடி அனுப்பினால் அவள் அதைக் கேட்டுப் படிப்பாள். உங்களுக்கு அதற்குரியதைக் கம்பெனி கொடுக்கும், நிகழ்ச்சிப் புத்தகத்தில் பெயர் போடுவார்கள். ஒரு சத்தியமும் செய்கிறேன். அவளால் என்றைக்காவது பாட முடியாமல் போனால் அன்றைக்கு மேடையில் நீங்கள்தான். என் மகள் மேல் ஆணை.

வசந்தாவைக் கூப்பிட டல்லாஸ் போகிறேன். நீங்கள் சொன்னதால்தான் போகிறேன்.

சபரி

*

ஜெர்சி சிற்றி
20 ஜூலை 1997

அன்பின் சபரி,

கசெற் இதற்குள் இருக்கிறது.

கனநாள் கோபமாக இருந்தேன். பிறகு கோபிப்பதற்கு ஆளைத் தேடினால் ஒருவரும் அகப்படவில்லை. உமக்கும் பிழையில்லை, எனக்கும் பிழையில்லை. இரண்டு ஊரும் கடலும் நடுவில் கிடந்தால் இப்படித்தான் ஏதாவது நடக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். பாரும், அந்தச் சொல்லை எழுதப் பயந்து தேற்றினேன் என்று எழுதுகிறேன்.

முழு வேடத்தையும் முழுக் குரலில் பாடியிருக்கிறேன். என் அறை ரயில் பாதைக்குப் பக்கத்தில், அதனால் இடையிடையே இரைச்சல் இருக்கும். கடைசிப் பாட்டில் 'வாழ' வருகிற இடத்துக்குச் சரியாக ஒரு ரயில் போனது. நான் திடுக்கிட்டு நடுவில் மூச்சை இழுத்துவிட்டேன். திரும்பப் பாட மனம் வரவில்லை. அந்த மூச்சு பாட்டில் இல்லை, அதை விட்டுவிடச் சொல்லி அந்தப் பிள்ளைக்குச் சொல்லும்.

மகள் மேல் எல்லாம் ஆணை இடாதேயும். எனக்கு உம்முடைய வாக்குப் போதும். அதை நம்பிக்கொண்டு தினமும் பாடிப் பார்க்கிறேன், குரலைத் துருப்பிடிக்க விடமாட்டேன்.

ஜெசி

*

சன்னிவேல்
1 மார்ச் 1998

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

கம்ப்யூட்டரில் அடிக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நிற்க நேரமில்லை.

அரங்கேற்றம் பிரமாதமாக முடிந்தது. ஐந்து நாளும் கொட்டகை நிறைந்திருந்தது. டிக்கெட் அனுப்பியும் நீங்கள் வரவில்லை. பத்திரிகையில் வந்த விமர்சனத்தை வெட்டி வைத்திருக்கிறேன். மேல் ஸ்தாயிக்குப் போகும் வழியில் கிறிஸ்டன் ஒரு மூச்சு எடுக்கிறாள், அந்த மூச்சில்தான் மொத்த நாடகமும் இருக்கிறது, அழாதவர்கள் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதை எடுத்துவிடச் சொல்லி அவளிடம் சொல்ல நினைத்திருந்தேன். ஒத்திகையில் கேட்டபோது அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன். நிகழ்ச்சிப் புத்தகத்தில் உங்கள் பெயர் விடுபட்டுப்போயிற்று. அச்சகத்தின் தப்பு, அடுத்த முறை சரிசெய்கிறோம்.

அடுத்த முறை என்றால் ஹூஸ்டன். நவம்பரில் அங்கே பெரிய மேடையில் போடுகிறார்கள். இன்னொரு ஓபராவுக்கும் பேச்சு நடக்கிறது. வசந்தா கயலோடு திரும்பி வந்துவிட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது.

உங்கள் விஷயம் மறக்கவில்லை. ஹூஸ்டன்காரர்களிடம் மாற்றுப் பாடகியாக உங்கள் பெயரைச் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
சபரிநாதன்

*

ஜெர்சி சிற்றி
22 நவம்பர் 1998

சபரிநாதன் அவர்களுக்கு,

மார்ச் மாதத்துக்குப் பிறகு உம்மிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் இரண்டு கடிதம் போட்டேன். வேலை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை வங்கியில் இருந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே டெலிபோன் அடித்தது. ஹூஸ்ரனில் இருந்து ஒரு பெண். கிறிஸ்டனுக்குத் தொண்டை வீங்கிப் பேச்சே வரவில்லையாம், ஞாயிறு வரை பாடமுடியாதாம். அடுத்த வார்த்தைக்கு முன்னால் நான் சந்தோஷப்பட்டேன், சபரி. இன்னொருத்தியின் தொண்டை வீங்கியதற்குச் சந்தோஷப்பட்டேன். எந்தப் பெட்டியில் துணி வைப்பது, வங்கியில் என்ன பொய் சொல்லி லீவு எடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவள் கேட்டது கசெற்றை. சிக்காகோவில் இருந்து பெயர் உள்ள ஒரு பாடகியை வரவழைத்திருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் படிக்கவேண்டுமாம். பழைய கசெற் கிறிஸ்டன் வீட்டில் கிடக்கிறதாம், உடனே இன்னொரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்டாள். நான் பாடுவேன், இந்த வேடம் முழுக்க எனக்குப் பாடம், இது இசையமைத்தவருக்குத் தெரியும் என்று சொன்னேன். "அவர்தான் உங்கள் நம்பரைத் தந்தார்" என்றாள். மரியாதையான பிள்ளை.

உமக்கு எடுத்தேன். என்ன கதைத்தோம் என்பது உமக்கு மறந்துபோகலாம், எனக்கு மறக்காது. மாற்றுப் பாடகியாக என் பெயரைச் சொன்னீரா என்று கேட்டேன். பின்னால் கயல் எதையோ இங்கிலீஷில் கேட்டது, பிறகென்று அவளிடம் சொன்னீர். அதற்குப் பிறகு எனக்குச் சொன்னீர்: "ஜெசி, அவங்க பேர் கேக்கறாங்க. உங்களை யாருக்குத் தெரியும், சொல்லுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

போன தடவை ஒரு சொல்லால் பிழை வந்துவிட்டது என்று இரண்டு பேரும் அழுதோம். அதை நம்பிக்கொண்டு நான் இத்தனை நாள் இருந்துவிட்டேன். இந்தத் தடவை நீர் சொன்னதில் எனக்கு விளங்காத சொல் ஒன்றும் இல்லை. உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் அதற்கு ஒரே கருத்துத்தான்.

ஒத்திகை நாளில் உம்மைப் பார்க்க நான் சான் ஹோசேக்கு வந்திருக்கவேண்டும், சத்தம் போட்டிருக்கவேண்டும் என்று அறைத்தோழி சொல்கிறாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கதிரையில் இருந்து என் முறை வரும்வரை பொறுத்திருக்கத்தான் என்னைப் பழக்கியிருக்கிறார்கள்.

கசெற் அனுப்பிவிட்டேன். அடுத்த நாளே அவர்களுக்குக் கிடைத்துவிட்டதாம். அந்தச் சிக்காகோப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சொற்களை அவள் பிழையில்லாமல் சொல்லவேண்டும். அதனால் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்து, திரும்பத் திரும்ப வாசித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் நான் பாடவில்லை. பாட்டை அவள் உம்முடைய தாளில் பார்த்துக்கொள்ளட்டும்.

தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, கச்சேரிக்குப் போடுகிற கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முதல் காட்சியில் இருந்து பாடத் தொடங்கினேன். மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடந்து நடந்து பாடினேன். குரல் நல்லாய்த்தான் இருக்கிறது. இரண்டாம் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டினான். நிறுத்திவிட்டேன்.

எனக்கு இனி எழுதவேண்டாம்.

ஜெசிந்தா சூசைப்பிள்ளை